ஏரியோரப் புல்தரையில் ஒரு வெடிப்பு

சரிவில் புல்வெட்டியை எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும், நடைபாதைக்கு எவ்வளவு உப்புத் தூவினால் பனி உருகும், எவ்வளவு தூவினால் பக்கத்துச் செடி சாகும் என்பதெல்லாம் ரஃபீக் உங்களுக்குச் சொல்லித் தருவார். அவரைவிட நன்றாகச் சொல்ல என்னால் முடியாது. "புதுசா வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாங்க அக்கா" என்று அவர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. மே மாதத்தில் தெருவில் புல்வெட்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். அந்த வேலையில் எனக்கு வெறுப்பு இல்லை. கேட்டாலே களைக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் என்னைக் களைக்க வைத்தது மண் சுமந்த நாட்களா, பனி வழித்த நாட்களா என்று கேட்டால், இல்லை. அந்தக் களைப்பெல்லாம் ஒரு இரவு நித்திரையில் போய்விடும். ஏதாவது ஒன்றை நானே தீர்மானிக்க வேண்டி வந்த நாட்கள்தான் இன்னும் உடம்பில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் இரண்டு பேர்தான், நானும் ரஃபீக்கும். ரஃபீக் புத்தளத்துக்காரர், என்னைவிட நன்றாக இளையவர். ஒரு ட்ரக், பின்னால் ஒரு இழுவைப் பெட்டி. ஸ்காபரோவைச் சுற்றி, வெக்ஸ்போர்ட்டிலிருந்து யூனியன்வில் வரைக்கும் எங்கள் வாடிக்கை வீடுகள் இருந்தன. எங்கள் ட்ரக் போய் நின்றால் வீட்டுக்காரர்கள் ரஃபீக்கிடம்தான் முதலில் பேசுவார்கள். நான் பூக்கண்டு நட வந்தவள் என்று நினைப்பார்கள். அதற்கெல்லாம் கோபப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை.

அந்த வீடுகளில் ஒன்று சிவநேசன் அண்ணையுடையது. லொறி ஓட்டத் தொடங்கி, பிறகு சொந்தமாக லொறிகள் வைத்து நடத்தியவர். ஏரியைப் பார்த்த வீடு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஸ்காபரோவின் தெற்கே பிளஃப்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்த உயர்ந்த மண்மேட்டின் உச்சியில், பின்வளவு நேராக விளிம்புவரை போகிற ஒரு வீட்டை வாங்கினார். விளிம்பில் ஒரு கம்பிவேலி. வேலிக்கு அப்பால் வெறும் காற்று. வெகு கீழே ஏரி.

அந்த மேடு பாறையல்ல, மணலும் களிமண்ணும். ஏரி அதைக் கீழிருந்து அரிக்கும். மழையும் உருகும் பனியும் மேலிருந்து உள்ளே இறங்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்காவது ஒரு துண்டு விழும். அங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஏனென்றால் காலையில் திரையை விலக்கினால் தெரிவது ஏரி.

அந்த வருடம் அவருடைய ஒரே மகள் நிவேதாவுக்கு எழுத்து. திருமணப் பதிவைத்தான் சொல்கிறேன். தாலி கட்டுவது பிறகு மண்டபத்தில். எழுத்து மட்டும் வீட்டில், பின்வளவில், ஏரியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டிருந்தாள். அதற்காக அண்ணை புல்லைப் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தார். கோடை தொடங்கிய நாளிலிருந்து மண்ணுக்குள் புதைத்த குழாய்கள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தன. "விளிம்புப் பக்கம் தண்ணியைக் குறையுங்கோ அண்ணை" என்று நான் சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டினார். புல் கடைசிவரை ஒரே பச்சையாக இருந்தது. எழுத்துக்கு முந்திய சில நாட்கள் மழையும் விடாமல் பெய்தது.

எழுத்து நாள் காலை வானம் வெளித்திருந்தது. கடைசித் தடவை புல்லை ஒழுங்காக்கி, பூச்சாடிகளை வைத்துவிட்டுப் போக வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு முன் பதிவாளர் வருவார். கூடாரக்காரர்கள் முதல்நாளே வெள்ளைக் கூடாரம் போட்டு, கதிரைகளை வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். முன்வரிசைக்கு எதிரே, வேலிக்குக் கிட்டவாக, பூவால் சோடித்த ஒரு வளைவு. அதன் கீழ் கையெழுத்துப் போடும் மேசை.

வேலியோரம் வெட்டிவிட்டுத் திரும்பும்போது புல்வெட்டியின் உருளும் சில்லு ஒன்று சட்டென்று மண்ணில் பதிந்தது. எலி வளை என்று நினைத்துக் குனிந்து புல்லை விலக்கினேன். வளை அல்ல. ஒரு கோடு. பக்கத்து வீட்டு வேலியிலிருந்து இந்தப் பக்கத்தில் நின்ற சீடர் என்கிற ஊசியிலை மரம்வரை, விளிம்புக்குச் சமாந்தரமாக, வளவின் அகலம் முழுக்க ஓடியது. புல் நன்றாக அடர்ந்திருந்ததால் மேலே தெரியவில்லை. என் கைவிரல்கள் முழுதும் உள்ளே போயின. ஏரிப்பக்கத்து மண் இந்தப் பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ட்ரக்கிலிருந்து அலவாங்கை, குழி தோண்டும் அந்த நீள இரும்புக் கம்பியை, எடுத்து வந்து உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் முட்டாமல் இறங்கியது. பிடியை விட எனக்குப் பயமாக இருந்தது.

வெடிப்புக்கு அந்தப் பக்கத்தில்தான் வளைவு, மேசை, முன்னால் இருந்த கதிரை வரிசைகள் எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை பொம்பிளை, இரண்டு பகுதித் தாய் தகப்பன், பதிவாளர், குழந்தைகள் உட்காரப் போகிற இடம்.

ரஃபீக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து கையை விட்டுப் பார்த்தார்.

"இது எப்ப வந்த?"

"தெரியேல்லை. போன கிழமை வெட்டேக்குள்ளை இல்லை."

"சொல்லிட்டுப் போவம் அக்கா. நாம புல்லு வெட்ட வந்த ஆக்கள். மிச்சம் அவங்கட முடிவு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அன்றைக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. ஆனால் சொல்லிவிட்டுப் போவது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. என்னவென்று சொல்வது?

அண்ணையைக் கராஜ் பக்கமாகத் தனியே கூப்பிட்டேன். சொந்தக்காரர்களுக்கு முன்னால் வைத்துச் சொன்னால் எந்த மனிதனும் முதலில் தன் முகத்தைத்தான் காப்பாற்றப் பார்ப்பான். அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, ஒரு கையில் ஃபோன், மறுகையில் மாலைப் பெட்டியோடு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"உது வெயிலுக்கு வெடிச்சது தங்கச்சி."

"கோடை முழுக்கத் தண்ணி விட்ட மண் அண்ணை. மழையும் பெய்தது. வெயிலுக்கு வெடிக்கிறதுக்கு இஞ்சை என்ன காய்ஞ்சு கிடக்குது?"

"அப்ப இண்டைக்கு விழப்போகுதோ?"

"தெரியாது."

"தெரியாட்டி ஏன் கதைக்கிறீங்கள்?" அவர் குரல் உயரவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது. "வருசக்கணக்கா நிக்கிற நிலம். நேற்றும் கூடாரக்காரப் பெடியள் இதிலை ஓடித் திரிஞ்சவங்கள். ஒரு மணித்தியால விசயம். பேந்து நான் ஆரையும் கூப்பிட்டுக் காட்டுறன்."

என் பின்னால் நின்ற ரஃபீக் காதோடு சொன்னார்: "விழும் எண்டு அடிச்சுச் சொல்லுங்க அக்கா. அப்பத்தான் கேப்பார்."

பிள்ளைகளே, ரஃபீக் சொன்னது சுலபமான வழி. "இண்டைக்கே விழும்" என்று ஒரு சொல் சொன்னால் அவர் பயந்திருப்பார், கதிரைகளை எடுத்திருப்பார், நான் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் எனக்கு அது தெரியாது. நான் மண் படித்தவள் அல்ல. எனக்குத் தெரிந்தது ஒரு வெடிப்பு, ஒரு தாழ்வு, முட்டாமல் இறங்கிய ஒரு இரும்பு. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் அது என்னுடைய சொல் இல்லை.

"அண்ணை, விழும் எண்டு சொல்ல எனக்குத் தெரியாது. விழாது எண்டு சொல்லவும் ஏலாது. காலமை நான் அங்காலை நிண்டு புல்லு வெட்டினனான். இதைக் கண்ட பிறகு இனி அங்காலை போகமாட்டன்."

அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் ட்ரக்கிலிருந்து செம்மஞ்சள் கயிறு எடுத்து வந்தேன். பூப்பாத்திக்குக் கோடு பிடிக்கிற கயிறு. வெடிப்புக்கு நன்றாக இந்தப் பக்கமாக, சீடர் மரத்திலிருந்து பக்கத்து வேலிவரை இழுத்துக் கட்டினேன். வெள்ளைக் கூடாரத்துக்கு நடுவில், கதிரைகளுக்கு ஊடாக அது ஓடியது. பார்க்க அசிங்கமாக இருந்தது என்பது எனக்கும் தெரியும்.

அண்ணையின் மனைவி மாலதி அக்கா முதலில் வெளியே வந்தார், பிறகு நிவேதா. பிள்ளைக்குத் தலை பாதிதான் கட்டியிருந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் மை பூசியிருந்தது.

"வாட் இஸ் திஸ், அன்ரி? ஏன் கயிறு கட்டியிருக்கு?"

சொன்னேன். அவள் கயிறுவரை வந்து நின்று, வளைவைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள். அன்றைக்கென்று ஏரி அப்படி ஒரு நீலமாக இருந்தது.

"டுடேய்? ஐ மீன், இண்டைக்கா சொல்லுவீங்கள்?"

"இண்டைக்குத்தான் கண்டனான் பிள்ளை."

அவள் அழத் தொடங்கினாள். மாலதி அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பகுதியின் முதல் கார் தெருவில் வந்து நின்றது.

அண்ணை வெளியே வந்தார். இப்போது வேட்டி கட்டி, பட்டுச் சட்டை போட்டிருந்தார். நேராக மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். நான் போய் மறுபடி கட்டினேன். இரண்டாம் தடவையும் அவிழ்க்கக் கை வைத்தார்.

"அண்ணை, அவிட்டால் நான் நகரசபைக்கு ஃபோன் அடிப்பன்."

அவர் கை அப்படியே நின்றது.

"அடிச்சால் என்ன செய்வினம் தெரியுமோ? வளவை மூடுவினம். வீட்டையும் மூடினாலும் மூடுவினம். இந்த வீடு இனி ஒருத்தரும் வாங்காத வீடாப் போயிடும். எங்கடை ஆளா இருந்துகொண்டு நீங்கள் எங்களுக்கு இதைச் செய்வீங்களோ?"

அது என்னைச் சுட்டது. சுடவில்லை என்று சொன்னால் பொய். எங்கள் சனத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்கும். வீட்டுக்காரர் வெறும் வீட்டுக்காரர் அல்ல. அவருடைய மச்சாளின் வீட்டிலும் நீங்கள்தான் பனி வழிக்கிறீர்கள். அவருடைய கூட்டாளியின் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடம். ஒரு வாசலில் சொன்ன சொல் எல்லா வாசலுக்கும் போகும்.

ஃபோனைக் கையில் எடுத்தேன். "ஓம் அண்ணை, செய்வன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்கு அப்பால் இருந்த கதிரைகளைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை நம்பினாரா, நகரசபைக்குப் பயந்தாரா, அல்லது முன்வரிசையில் இருக்கப் போகிறவர்களை ஒருவர் ஒருவராக எண்ணிப் பார்த்தாரா? கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பிப் பெரிதாகக் கத்தினார்: "கதிரையளைத் தூக்குங்கோ! வீட்டுக்கு முன்னுக்குக் கொண்டு போங்கோ! கெதியா!"

சொல்லிவிட்டுப் போவோம் என்ற ரஃபீக்தான் முதல் கதிரையைத் தூக்கினார். மாப்பிள்ளை பகுதிப் பெடியன்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கத்துக் கதிரைகள் மட்டும்தான். அந்தப் பக்கம் இருந்தவற்றையும் வளைவையும் மேசையையும் எடுக்க நான் ஒருவரையும் விடவில்லை. அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

எழுத்து வீட்டுக்கு முன்னால், கார் விடும் டிரைவ்வேயில் நடந்தது. சமையலறை மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். நாங்கள் கொண்டுவந்த பூச்சாடிகளை இரண்டு பக்கமும் அடுக்கினோம். தெருவால் போன பஸ் ஒன்று நின்று, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. எதிர் வீட்டில் யாரோ குப்பைத் தொட்டியை உருட்டினார்கள். நிவேதா கையெழுத்துப் போடும்போது சிரித்தாள். அது படத்துக்காகச் சிரித்த சிரிப்பு.

எல்லாரும் சாப்பிட உள்ளே போன பிறகு நாங்கள் சாமான்களை ஏற்றினோம். அண்ணை பின்வளவு வாசலில் தனியே நின்றார். வெள்ளைக் கூடாரமும் வளைவும் வெயிலில் அப்படியே நின்றன. ஒரு புல்லும் அசையவில்லை.

"பாத்தியளே தங்கச்சி" என்றார். "ஒண்டும் நடக்கேல்லை."

"ஓம் அண்ணை" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்தக் கிழமையே மாலதி அக்கா ஃபோன் எடுத்து, இனி வரத் தேவையில்லை என்றார். அவருடைய சொந்தக்காரர் வீட்டு வேலைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பத்துக்கு நிற்கும்போது பின்னால் ஒரு பெண் இன்னொருவரிடம் சொன்னது கேட்டது: "உவதான். அந்தப் பிள்ளையின்ரை எழுத்தைக் குழப்பினவ." நான் திரும்பிப் பார்க்கவில்லை. இடியப்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க பனி வழிக்கும்போது அதையே யோசித்தேன். விழவேயில்லையே. நான் யாருக்காக என்ன செய்தேன்?

நிலம் அடுத்த வசந்தத்தில் விழுந்தது. உறைந்த மண் இளகுகிற காலம், ஒரு பகல்பொழுது. வளவில் ஒருவரும் இல்லை. கம்பிவேலியும் அதையொட்டிய ஒரு துண்டு நிலமும் போய்விட்டன என்று ரஃபீக் கேள்விப்பட்டு வந்து சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் விழுந்தது நான் கண்ட வெடிப்புவரை அல்ல. பாதித் தூரம்தான். வளைவு நின்ற இடம் போயிருந்தது. கதிரைகள் இருந்த இடம் இருந்தது. நான் சொன்னது சரி என்று நானும் சொல்லலாம். அவ்வளவு தூரத்துக்கு வரவில்லையே என்று அவர்களும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நீங்கள் எடுத்த முடிவு சரியென்று நிலமோ மரமோ பனியோ வந்து உங்களுக்குச் சாட்சி சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் சொல்லாது. சொன்னாலும் பிந்தித்தான் சொல்லும், அரைகுறையாகச் சொல்லும். அந்தக் காலை நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், அதைச் சொல்லும்போது உங்களைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாலும். அன்றைக்கு "விழும்" என்று நான் பொய்யாக அடித்துச் சொல்லியிருந்தால், "ஒண்டும் நடக்கேல்லை" என்று அண்ணை சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. பார்த்தேன். எனக்கு அந்த நாளில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வாடிக்கைகள் நிற்பதையும் தாங்கிக்கொள்ளப் பழகுங்கள். அது லேசாக இராது. எனக்குக் கடைசிவரை லேசாக இருக்கவில்லை.

விழுந்து சில கிழமைகளுக்குப் பிறகு சிவநேசன் அண்ணை தானே ஃபோன் எடுத்தார். வேலைக்கு அல்ல. "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ" என்றார். போனேன். நிவேதா கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிகாரிகள் வந்து வளவின் நடுவில், வெடிப்புக்கும் வெகுதூரம் இந்தப் பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் வலைவேலி போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய்களை அண்ணை தோண்டி எடுத்திருந்தார். புல் பழுத்துக் கிடந்தது. நாங்கள் இருவரும் அந்த வலைவேலியடியில் நின்றோம். முறிந்த இடத்தில் மண் எப்படி அடுக்கடுக்காக இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு விருப்பம். வலையில் கையை வைத்து, எட்டிப் பார்க்க முன்னால் சாய்ந்தேன்.

என் ஜாக்கெட் கையை அவர் பிடித்து இழுத்தார். சாதாரண இழுப்பு அல்ல, பின்னால் ஒரு எட்டுத் தள்ளாடினேன்.

"உதிலை நில்லாதேங்கோ தங்கச்சி."

அவருடைய கை என் ஜாக்கெட்டை உடனே விடவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு மாலதி அக்கா முன்வாசல் படியில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் தெருவைப் பார்த்தபடி இருந்து குடித்தோம்.